கண்டி தந்த பந்து வீச்சாளர்

கண்டி நகரிலிருந்து மாத்தளை வீதி வழியே வடக்கு நோக்கிச் சென்றால், மகாவலி கங்கையின் அருகே கட்டுகஸ்தோட்டை என்னும் ஊர் வரும். பெனடிக்ற் சபைத் துறவிகள் வளர்த்த புனித அந்தோனியார் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. 1980களில் அக்கல்லூரி மைதானத்தில் மித வேகப் பந்து வீசிக்கொண்டிருந்த ஒரு மாணவனைப் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ கவனித்தார். பையனுக்கு அப்போது பதினான்கு வயது. வேகத்தை விட்டுவிட்டுச் சுழற்பந்து வீசிப் பார்க்கும்படி அவர் கூறினார். அந்த ஒரு சொல்லின் விளைவை அன்று அவரும் எண்ணிப் பார்த்திருக்க முடியாது.

மாணவனின் பெயர் முத்தையா முரளிதரன். 1972 ஏப்ரல் 17ஆம் நாள் கண்டியில் பிறந்தவர். பாட்டனார் பெரியசாமி சின்னசாமி 1920இல் தென்னிந்தியாவிலிருந்து மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கு வேலை தேடி வந்தவர். பின்னர் அவர் தம் புதல்வியருடன் திருச்சிராப்பள்ளிக்கே திரும்பிவிட்டார். புதல்வர்கள் இலங்கையிலேயே தங்கினர். அவர்களுள் ஒருவரான முத்தையா குண்டசாலைப் பகுதியில் பிஸ்கட் தயாரிக்கும் தொழிலை நடத்தி வந்தார். தோட்டத்து லயன் அறைகளிலிருந்து ஒரே தலைமுறையில் சொந்தத் தொழிலுக்கு உயர்வது அந்நாளில் எளிய காரியமன்று. உயர்ந்த பின்னும் நிம்மதி கிட்டிவிடவில்லை. 1977இன் இனக்கலவரத்தில் வீடும் தொழிற்சாலையும் தீக்கிரையாயின. அவ்வேளையில் குடும்பத்தின் உயிரைக் காத்தவர்களும் சிங்கள அயலவர்களே என்று முரளிதரன் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். இவ்விரு நினைவுகளையும் சேர்த்தே சுமந்து வளர்ந்தவர் அவர்.

பள்ளிக்கூடக் கிரிக்கெட்டில் அவர் பெயர் விரைவில் பரவியது. 1990-91 காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தி, நாட்டின் சிறந்த பள்ளி வீரருக்கான விருதைப் பெற்றார். பிறகு கொழும்பு சென்று தமிழ் யூனியன் கழகத்தில் சேர்ந்தார். 1991இல் இலங்கை ‘ஏ’ அணியுடன் இங்கிலாந்து சென்றபோது ஐந்து ஆட்டங்கள் ஆடியும் ஒரு விக்கெட்டுக்கூட விழவில்லை. ஆயினும் தேர்வாளர்கள் அவரைக் கைவிடவில்லை. 1992 ஓகஸ்ட் 28ஆம் நாள், கொழும்பு கெத்தாராமை மைதானத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக அவருடைய முதல் டெஸ்ட் போட்டி தொடங்கியது. முதல் விக்கெட், கிரேக் மக்டர்மட்.

இனி அவருடைய கையைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். வலக் கை முழங்கை பிறவியிலேயே வளைந்தது. முற்றாக நீட்ட இயலாதது. மணிக்கட்டோ எப்பக்கமும் சுழலக் கூடியது. வழக்கமாக ஓவ்-ஸ்பின் வீசுவோர் விரல்களால் பந்தைத் திருகுவர். முரளிதரனோ மணிக்கட்டால் திருகினார். ஆகவே பந்து தரையில் பட்டபின் ஏனையோர் பந்துகளைவிட மிகுதியாகத் திரும்பியது. ஆனால் தூர இருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அவர் பந்தை வீசாமல் எறிவது போலத் தோன்றியது. கிரிக்கெட் விதியை ஊன்றிப் பார்த்தால், வளைந்த கையால் வீசுவது குற்றமன்று. கை தோளுயரம் வந்தபின், பந்தை விடுவதற்குள், வளைந்த முழங்கையை நீட்டுவதே குற்றம். இந்த நுண்ணிய வேறுபாடுதான் பதினைந்து ஆண்டுக் காலம் ஒரு மனிதரின் மானத்தைத் தராசில் நிறுத்தியது.

1995 டிசம்பர் 26ஆம் நாள், மெல்பேர்ண் மைதானத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் கூடியிருந்தனர். அவுஸ்திரேலிய நடுவர் டரெல் ஹெயர், மூன்று ஓவர்களுக்குள் ஏழு முறை முரளிதரனின் பந்தை முறையற்றதென அறிவித்தார். பந்து எறியப்படுகிறதா என்பதைப் பக்கவாட்டில் நிற்கும் நடுவர் பார்ப்பதே வழக்கம். ஹெயரோ வீச்சாளரின் முனையில் நின்றே கையை நீட்டினார். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க தம் வீச்சாளரை மறுமுனைக்கு மாற்றினார். அங்கே நின்ற நியூசிலாந்து நடுவர் ஸ்டீவ் டன் ஒரு குறையும் காணவில்லை. ஒரே ஆட்டம், ஒரே கை, இரு தீர்ப்புகள்! பத்து நாட்களின் பின், 1996 ஜனவரி 5இல் பிரிஸ்பேன் நகரில் ரொஸ் எமர்சன் என்னும் நடுவரும் அவ்வாறே அறிவித்தார். அவ்வேளை முரளிதரன் லெக்-ஸ்பின் வீசிப் பார்த்தார். அதற்கும் அதே தீர்ப்புத்தான்.

கூட்டத்தின் நடுவே தன்னந்தனியே பழி சுமந்து நின்ற அவ்விளைஞருக்கு வயது இருபத்து மூன்று. உள்நாட்டில் போர் மூண்டிருந்த காலம் அது. தேசிய அணியில் ஆடிய தமிழரோ மிகச் சிலர். அந்நிலையில் சிங்களவரான அணித்தலைவர் தமிழரான வீச்சாளருக்காக நடுவரோடு வாதாடினார். 1999 ஜனவரியில் அடிலெய்டில் எமர்சன் மீண்டும் குற்றங்கூறியபோது, அவர் அணியை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்று ஆட்டத்தையே நிறுத்திவைத்தார். ரணதுங்கவின் நடத்தை விளையாட்டு மரபுக்கு ஏற்றதா என்பது வேறு கேள்வி. தம் வீரரைக் கைவிடாத தலைவர் என்பதில் ஐயமில்லை.

மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகமும் ஹொங்கொங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 1996இல் அவருடைய கையை ஆராய்ந்தன. எறிவது போலத் தோன்றுவது கண்ணின் மயக்கமே என்ற முடிவு வந்தது. அதே ஆண்டு மார்ச் 17ஆம் நாள் லாகூரில் உலகக் கிண்ணத்தை வென்ற அணியிலும் அவர் இருந்தார்.

இங்கிலாந்து அக்காலத்தில் இலங்கைக்கு ஒரு சுற்றுப்பயணத்தில் ஒரேயொரு டெஸ்ட் போட்டிக்கு மேல் அளித்ததில்லை. 1998 ஓகஸ்டில் இலண்டன் ஓவல் மைதானத்தில் நடந்ததும் அத்தகையதே. நாணயச் சுழற்சியில் வென்ற ரணதுங்க எதிரணியை முதலில் துடுப்பெடுத்தாட விட்டார். பலர் வியந்தனர். இரண்டு இன்னிங்ஸ்களுக்கு இடையே தம் வீச்சாளருக்கு ஓய்வு வேண்டும் என்பதே அவர் கணக்கு. முரளிதரன் முதல் இன்னிங்ஸில் 155 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளும், இரண்டாவதில் 65 ஓட்டங்களுக்கு 9 விக்கெட்டுகளும் எடுத்தார். அந்த ஒரு போட்டியில் மட்டும் அவர் வீசியவை 113 ஓவர்களுக்கு மேல். எஞ்சிய பத்தாவது விக்கெட்டும் வேறொரு வீச்சாளருக்குப் போகவில்லை. அலெக் ஸ்ருவர்ட் ஓடி ஆட்டமிழந்தார். இங்கிலாந்து மண்ணில் இலங்கைக்குக் கிடைத்த முதல் டெஸ்ட் வெற்றி அது.

கண்டி மக்கள் தம் மைந்தரைக் கண்டு களித்தது அஸ்கிரிய மைதானத்தில். திருத்துவக் கல்லூரிக்குச் சொந்தமான அம்மைதானம், மலைச்சரிவுகள் சூழ, ஒரு கிண்ணம் போல அமைந்தது. 1983 ஏப்ரலில் அங்கே முதல் டெஸ்ட் நடந்தது. 1998 ஜனவரியில் சிம்பாப்வேக்கு எதிராக முரளிதரன் ஒரே போட்டியில் முதன்முறை பத்துக்கு மேற்பட்ட விக்கெட்டுகள் எடுத்ததும் இங்கேதான். நான்கு ஆண்டுகளின் பின், 2002 ஜனவரி 4ஆம் நாள், அதே சிம்பாப்வே மீண்டும் அஸ்கிரியவில் ஆடியது. அன்று மாலைக்குள் வீழ்ந்த ஒன்பது விக்கெட்டுகளும் முரளிதரனுடையவை. பத்தையும் எடுத்தவர்கள் அதுவரை உலகில் இருவரே: இங்கிலாந்தின் ஜிம் லேக்கரும் இந்தியாவின் அனில் கும்ப்ளேயும். மறுநாட் காலை ஊரே ஆவலோடு காத்திருந்தது. முரளிதரனின் பந்தில் வந்த ஒரு பிடி, அருகே நின்ற ரசல் ஆர்னல்டின் கையிலிருந்து நழுவியது. மறுமுனையில் வீசிய சமிந்த வாஸுக்கோ விக்கெட் எடுக்கும் எண்ணமே இருந்திருக்காது. ஆனால் பந்து மட்டையின் விளிம்பில் பட்டு விக்கெட் காப்பாளரிடம் போய்ச் சேர்ந்தது. 51 ஓட்டங்களுக்கு 9 விக்கெட்டுகள் என்பதோடு கணக்கு நின்றது. இலங்கையர் ஒருவர் ஓர் இன்னிங்ஸில் பெற்ற சிறந்த பெறுபேறு இன்றும் அதுவே.

வழக்கு அதற்குள் முடிந்துவிடவில்லை. வலக்கைத் துடுப்பாட்டக்காரரை விட்டு விலகித் திரும்பும் ‘தூஸ்ரா’ என்னும் பந்தை அவர் கற்றுக்கொண்டார். 2004 மார்ச்சில் அதன்மீது முறைப்பாடு எழுந்தது. ஆய்வுகூடத்தில் அளந்தபோது முழங்கை 14 பாகை நீள்வதாகத் தெரிந்தது. பயிற்சியின் பின் அது ஏறத்தாழ 10 பாகையாகக் குறைந்தது. சுழற்பந்து வீச்சாளருக்கு அன்று அனுமதிக்கப்பட்டதோ 5 பாகைதான். அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹவர்ட்டே அவரைப் பந்தெறிபவர் என்று கூறிவிட்டார். முரளிதரன் அவ்வாண்டு அவுஸ்திரேலியப் பயணத்தைத் தவிர்த்தார். கையை நீட்ட முடியாதபடி உருக்குக் கம்பிகள் பதித்த கவசம் ஒன்றை அணிந்து, படக்கருவியின் முன் தம் பந்துகளையெல்லாம் வீசிக் காட்டவும் செய்தார். ஒரு விளையாட்டு வீரர் இதற்கு மேல் என்ன சாட்சியம் அளிக்க முடியும்?

பின்னர் சர்வதேச கிரிக்கெட் சபை ஏனையோரையும் அதிவேகப் படக்கருவிகளால் அளக்க முற்பட்டது. குற்றமற்றவர் என்று எவரும் ஐயுறாத வேகப் பந்து வீச்சாளர்களின் முழங்கைகளும் பழைய வரம்பை மீறி நீள்வது அப்போது வெளிப்பட்டது. 2005 மார்ச் முதல் எல்லோருக்கும் 15 பாகை என்ற விதி வந்தது. ஒருவருக்காகச் சட்டத்தை வளைத்தனர் என்பார் இன்றும் உளர். ஒருவரை அளக்கப் போய் எல்லோரையும் அளக்க நேர்ந்தது என்பதே பொருந்தும்.

2007 டிசம்பர் 3ஆம் நாள், அஸ்கிரியவில், பெற்றோரும் ஊராரும் பார்த்திருக்க, இங்கிலாந்தின் போல் கொலிங்வூட்டின் விக்கெட் சரிந்தது. அது 709ஆவது. அவுஸ்திரேலியாவின் ஷேன் வார்ன் எடுத்த 708 பின்தங்கியது. அவ்விரு நாடுகளும் ஆடும் டெஸ்ட் தொடருக்கு வார்ன், முரளிதரன் இருவர் பெயரையும் சேர்த்துச் சூட்டியது அவுஸ்திரேலியக் கிரிக்கெட் நிர்வாகம். அக்கிண்ணத்தில் அவர் பெயரை அவர் விரும்பியவாறே எழுதினர். ஆங்கிலத்தில் நெடுநாள் பிழையாக வழங்கியதைத் தமிழ் மட்டுமே எப்போதும் சரியாக எழுதி வந்தது.

தமிழரிடையே அவரைப் பற்றி ஒரே மனம் இருந்ததில்லை. போரைப் பற்றியும் அரசியலைப் பற்றியும் அவர் கூறியவை பலரைப் புண்படுத்தின. அவர் வாழ்க்கையைக் கூறும் ‘800’ என்னும் திரைப்படத்தில் நடிக்கவிருந்த விஜய் சேதுபதி, எதிர்ப்பு வலுத்தபோது, முரளிதரனே கேட்டுக்கொண்டதால் 2020இல் விலகினார். படம் வேறொரு நடிகரைக் கொண்டு 2023இல் வெளிவந்தது. பந்து வீச்சை மெச்சுவோர் பேச்சையும் மெச்ச வேண்டும் என்பதில்லை. பேச்சை வெறுப்போர் பந்து வீச்சை மறுக்கவும் முடியாது.

தமது இறுதி டெஸ்ட் இதுவென முன்னரே அறிவித்துவிட்டு அவர் காலி மைதானத்தில் இறங்கியபோது, 800க்கு இன்னும் 8 விக்கெட்டுகள் தேவைப்பட்டன. 2010 ஜூலை 22ஆம் நாள், இந்தியாவின் கடைசி விக்கெட்டாகப் பிரக்யான் ஓஜா, மஹேல ஜயவர்தனவிடம் பிடி கொடுத்தார். அதுவே 800ஆவது. ஆடியவை 133 டெஸ்ட் போட்டிகள். அவற்றுள் அஸ்கிரியவில் மட்டும் எடுத்தவை 117 விக்கெட்டுகள்.

2007க்குப் பின் அஸ்கிரியவில் டெஸ்ட் போட்டி நடைபெறவில்லை. கண்டிக்குக் கிழக்கே பல்லேகலையில் எழுந்த புதிய மைதானத்தில் 2010 டிசம்பர் 1ஆம் நாள் முதல் டெஸ்ட் தொடங்கியபோது, முரளிதரன் விலகி நான்கு மாதங்களுக்கு மேலாகியிருந்தது. எனினும் 2011 மார்ச் 10ஆம் நாள், உலகக் கிண்ண ஆட்டமொன்றில், அங்கே தம் ஊரார் முன் அவர் பந்து வீசினார். எதிரணி, மீண்டும் சிம்பாப்வே.