மையின் மேல் யாருக்கு உரிமை?

எழுத்தறிந்த மக்கள் வாழ்வில் மைக்கு என்றும் தனி இடம் உண்டு. கடுக்காயை ஊறவைத்து, அன்னபேதி சேர்த்து, வீட்டிலேயே மை காய்ச்சிய காலம் ஒன்று நம் முன்னோரிடையே இருந்தது. மைத்தூளை வாங்கி நீரில் கரைத்து மைக்கூட்டில் ஊற்றிக்கொண்ட காலமும் இருந்தது. கூடு வெறுமையானால் அதனை மீண்டும் நிரப்புவதே அக்கால இயல்பு. அதற்கு எவரும் எவருடைய இசைவையும் கேட்டதில்லை.

இன்றோ நிலைமை வேறு. வீட்டு மேசையில் இருக்கும் சிறு அச்சுப்பொறியின் மை தீர்ந்துவிட்டால், கார்ட்ரிட்ஜ் எனப்படும் புதிய மைப்பெட்டிக்குக் கடைக்காரர் கூறும் விலை, சிலபோது பொறியின் விலையையே எட்டிப் பிடிக்கின்றது. பழைய பெட்டியிலேயே மையை நிரப்பிக்கொள்ளலாமா என்று கேட்டால், ஒருவர் ‘தாராளமாகச் செய்யலாம்’ என்கிறார். மற்றொருவர் ‘பொறி கெட்டுவிடும்’ என்கிறார். மூன்றாமவரோ ‘அது சட்டத்திற்குப் புறம்பானது’ என்று அச்சுறுத்துகிறார். இம்மூவர் கூற்றிலும் உண்மை எவ்வளவு? இதனை ஆராயப் புகுந்தால், இவ்வழக்கு கணினி பிறப்பதற்கு முன்பே தொடங்கியது என்பது புலனாகும்.

மெழுகுத்தாள் காலத்து வழக்கு

அமெரிக்க அறிஞர் தாமஸ் ஆல்வா எடிசன் 1876ஆம் ஆண்டில், கையெழுத்தைப் பல படிகள் எடுக்கும் முறை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். சிக்காகோ நகரத்து ஏ. பி. டிக் நிறுவனம் எடிசனின் உரிமத்தைப் பெற்று, 1887ஆம் ஆண்டில் ‘மிமியோகிராப்’ என்னும் படியெடுக்கும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மெழுகு பூசிய தாளில் எழுதினால், எழுத்து விழுந்த இடத்தில் மெழுகு விலகும். அவ்வழியே மை கசிந்து கீழுள்ள தாளில் பதியும். கருவியின் தத்துவம் அவ்வளவே.

இவ்வினத்தைச் சேர்ந்த பொறியை நம் பள்ளிகளில் ‘சைக்ளோஸ்டைல்’ என்று வழங்கினோம். ஆசிரியப் பயிற்சி முடித்து முதன்முதலாகத் தோட்டப் பள்ளிக்கு வந்தபோது, தேர்வுத்தாள் அடிக்கும் நாள்களில் அதன் கைப்பிடியைச் சுழற்றியவர்களுள் நானும் ஒருவன். மை தீர்ந்தால் குழாயைப் பிதுக்கி ஊற்றுவோம். விரல்கள் கறுக்கும். அந்த மை எவருடைய தயாரிப்பு என்று பொறி ஒருநாளும் கேட்டதில்லை.

ஆனால், பொறியை விற்றவர்கள் கேட்டதுண்டு. ஏ. பி. டிக் நிறுவனம் தன் பொறிகளின்மேல் ஓர் அறிவிப்பை ஒட்டி விற்றது. தன்னிடம் வாங்கிய மெழுகுத்தாள், மை முதலிய பொருள்களோடு மட்டுமே அப்பொறியைப் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். பொறியை அடக்கவிலைக்கோ அதற்கும் குறைவாகவோ கொடுத்துவிட்டு, மையிலும் தாளிலும் இலாபம் காண்பது அந்நிறுவனத்தின் வாணிக முறை. நியூயார்க்கில் கிறிஸ்டினா ஸ்கூ என்னும் மாது அத்தகைய பொறி ஒன்றை வாங்கியிருந்தார். சிட்னி ஹென்றி என்னும் வணிகர் அவருக்கு ஒரு குவளை மையை விற்றார். அந்த ஒரு குவளை மை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது!

1912ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தீர்ப்பு வெளிவந்தது. நால்வர் நிறுவனத்தின் பக்கம் நின்றனர், மூவர் மறுத்தனர். காப்புரிமை பெற்ற பொறிக்கு இத்தகைய நிபந்தனை விதிக்கலாம் என்பதே முடிவாயிற்று. மறுத்தவர்களுள் தலைமை நீதிபதி வைட்டும் ஒருவர். இவ்வாறாயின், ஓர் இயந்திரத்தை விற்பவன் அதில் இடும் நிலக்கரியையும் தன்னிடமே வாங்கவேண்டும் என்று கட்டளையிடலாமே என்பது அவர் எழுப்பிய ஐயம்.

அவருடைய ஐயத்திற்கு நாடு செவிசாய்த்தது. 1914ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கிளேட்டன் சட்டம், போட்டியை நசுக்கும் அளவுக்குச் செல்லும் இத்தகைய கட்டுகளுக்குத் தடை விதித்தது. 1917ஆம் ஆண்டில் திரைப்படம் காட்டும் பொறியைப் பற்றிய வேறொரு வழக்கில், உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. பொறியின் காப்புரிமை பொறியோடு நிற்கவேண்டும். அதில் இடும் பொருளுக்கு அது நீளலாகாது என்பது அப்போது நிலைபெற்ற கொள்கை.

மைத்துளி பறந்த வரலாறு

அதன்பின் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் கழித்து மை வேறோர் உருவெடுத்தது. 1977ஆம் ஆண்டில் ஜப்பானியக் கேனன் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில், சூடேறிய பற்றவைப்புக் கோல் ஒன்று மை நிறைந்த ஊசிக்குழாயின் முனையில் தற்செயலாகப் பட்டது. உடனே மைத்துளி ஒன்று தெறித்து வெளியேறியது. அதனைக் கண்ட ஆய்வாளர் இச்சிரோ எண்டோ, வெப்பத்தால் மையை உமிழச் செய்யும் முறையைக் கண்டறிந்தார். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் எச்.பி. நிறுவனத்தாரும் தனியே ஆய்ந்து அதே முறையை எட்டினர். நுண்ணிய அறையிலுள்ள மையை நொடியின் மிகச் சிறு பகுதியில் சூடாக்கினால், அங்கே ஆவிக்குமிழி ஒன்று தோன்றி, துளியை நுண்துளை வழியே தள்ளிவிடும். எப்சன் நிறுவனமோ வெப்பத்தை நாடாமல், மின்னழுத்தத்தால் வளையும் படிகத்தைக் கொண்டு மையைத் தள்ளும் முறையை மேற்கொண்டது.

1984ஆம் ஆண்டில் எச்.பி. நிறுவனம் ‘திங்க்ஜெட்’ என்னும் பொறியை வெளியிட்டது. மையும், மையை உமிழும் தலைப்பகுதியும் அதில் ஒரே பெட்டியாக அமைந்திருந்தன. மை தீர்ந்தால் அப்பெட்டியையே எறிந்துவிட வேண்டும். இதனை வெறும் பேராசையின் விளைவு என்று சொல்லிவிட முடியாது. மை உலர்ந்து நுண்துளைகள் அடைபடுவதே அக்காலப் பொறியாளர்க்குப் பெருந்தொல்லையாக இருந்தது. துளையே தலைப்பெட்டியோடு அடிக்கடி மாறிவிடுமானால் அத்தொல்லை தீர்ந்துபோகும். ஆகவே, எறிந்துவிடும் பெட்டி முதலில் ஒரு பொறியியல் விடையாகவே பிறந்தது. பின்னரே அது வாணிகத்தின் அச்சாணியாயிற்று. பொறியின் விலை ஆண்டுக்காண்டு இறங்கியது. இலாபம் மைக்குள் இடம்பெயர்ந்தது. ஏ. பி. டிக் நிறுவனத்தின் பழைய கணக்குப் புதிய ஏட்டில் எழுதப்பட்டது.

நான்கு நாடுகள், நான்கு தீர்ப்புகள்

விலை ஏறினால் மாற்றுவழி தோன்றுவது இயல்பு. காலிப்பெட்டிகளைத் திரட்டி மையிட்டு விற்போரும், ஒத்த பெட்டிகளைப் புதிதாகச் செய்து விற்போரும் பல நாடுகளில் தோன்றினர். வழக்குகளும் தொடர்ந்தன.

ஆங்காங்கிலிருந்து மேல்முறையீடாகச் சென்ற வழக்கு ஒன்றில், இலண்டன் பிரிவிக் கவுன்சில் 1997ஆம் ஆண்டில் கேனன் நிறுவனத்திற்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒத்த பெட்டிகளைச் செய்து விற்ற நிறுவனம், பழுதுபார்க்க உதவும் மாற்றுறுப்புகளுக்குரிய சலுகையைத் தனக்கும் கோரியது. தீர்ந்துபோன பெட்டியை மாற்றுவது பழுதுபார்ப்பதாகாது என்று மன்றம் கூறிவிட்டது.

2007ஆம் ஆண்டு நவம்பரில் ஜப்பானிய உச்ச நீதிமன்றமும் கேனன் பக்கமே நின்றது. காலிப்பெட்டியில் துளையிட்டு, கழுவி, மை நிரப்பி விற்பது, காப்புரிமை பெற்ற பொருளைப் புதிதாக ஆக்குவதற்கு ஒப்பாகும் என்பது அதன் கருத்து.

பத்து ஆண்டுகள் கழிந்தன. 2017ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்கு மாறான தீர்ப்பை வழங்கியது. இவ்வழக்கு, மைத்தூள் அடங்கிய லேசர் பொறிப் பெட்டிகளைப் பற்றியது. ஒருமுறை மட்டுமே பயன்படுத்தவேண்டும் என்ற நிபந்தனையோடு லெக்ஸ்மார்க் நிறுவனம் அவற்றைத் தள்ளுபடி விலைக்கு விற்றிருந்தது. பொருளை விற்றவுடன் அப்பொருளின்மீதுள்ள காப்புரிமை தீர்ந்துபோகின்றது; அந்நிபந்தனையைக் காப்புரிமையின் பெயரால் நிலைநாட்ட முடியாது என்று நீதிமன்றம் கூறியது.

நான்காவது வழக்கு நமக்கு நெருக்கமானது. எப்சன் நிறுவனத்தின் காலிப்பெட்டிகளை மலேசியாவிலுள்ள ஒரு நிறுவனம் பெற்று, துளையிட்டு மை நிரப்பி, நினைவுச்சில்லையும் மாற்றியமைத்துக் கொடுத்தது. கலிடாட் என்னும் நிறுவனம் அவற்றை ஆஸ்திரேலியாவில் விற்றது. 2020ஆம் ஆண்டு நவம்பரில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளுள் நால்வர் கலிடாட் பக்கம் நின்றனர். அம்மாற்றங்கள் பொருளைப் புதிதாக ஆக்குவன அல்ல. பயன்பாட்டை நீட்டிப்பனவே என்பது அவர்கள் முடிவு. மூவர் மறுத்தனர். 1912இலும் நால்வரும் மூவருமே. 2020இலும் நால்வரும் மூவருமே! ஆனால் வெற்றி இம்முறை எதிர்ப்பக்கத்தில் விழுந்தது.

இவற்றிலிருந்து ஒன்று தெளிவாகின்றது. சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆயினும் இவ்வழக்குகள் அனைத்திலும் கூண்டேறியவர்கள் விற்பனை செய்த வணிகர்களே. தம் வீட்டில் தம் பெட்டிக்கு மையூற்றிக்கொண்ட குடும்பத்தார் அல்லர். கிறிஸ்டினா ஸ்கூ மீது கூட எவரும் வழக்குத் தொடரவில்லை.

பூட்டும் திறவுகோலும்

நீதிமன்றத்தில் முடியாததைச் சில்லு முடித்துவைக்கும் காலம் இது. பெட்டியில் பதித்த சிறு மின்சில்லு, தான் எவருடைய தயாரிப்பு என்பதைப் பொறிக்கு உணர்த்துகின்றது. 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் எச்.பி. நிறுவனத்தின் சில வகைப் பொறிகள், அதுவரை ஏற்றுவந்த பிறர் பெட்டிகளைத் திடீரென ஏற்க மறுத்தன. பயனீட்டாளர்கள் குரலெழுப்பவே, அத்தடையை நீக்கிக்கொள்ளும் வழியைத் தருவதாக அம்மாத இறுதியிலேயே நிறுவனம் அறிவித்தது. அன்று ஒட்டிய அறிவிப்பைப் படிக்காமலும் இருக்கலாம். இன்றைய சில்லின் கட்டளையை அவ்வாறு புறக்கணிக்க இயலாது.

ஆயினும் பூட்டுக்கு மாறான ஒரு விடை நம் அண்டை நாட்டிலிருந்தே வந்தது. இந்தோனேசியாவில் பயனீட்டாளர்களும் சிறு கடைக்காரர்களும் பொறிக்கு வெளியே மைப்புட்டிகளை வைத்து, மெல்லிய குழாய்களால் உள்ளே இணைத்துக்கொண்டனர். மருத்துவமனையில் நோயாளிக்கு நீரேற்றுவது போலிருந்ததால், அதனை ‘இன்புஸ்’ என்றே அவர்கள் வழங்கினர். எப்சன் நிறுவனம் இதனைக் கண்டு, 2010ஆம் ஆண்டில், மையை ஊற்றி நிரப்பும் தொட்டியுடைய பொறியைத் தானே செய்து, முதன்முதலாக இந்தோனேசியாவில் விற்றது. பொறிக்கு விலை கூடுதல். மைக்கு விலை மிகக் குறைவு. பின்னர்ப் பிற நிறுவனங்களும் அவ்வழியைப் பின்பற்றின. ஏழை எளியவர் செய்துகொண்ட கைவேலை, பெரு நிறுவனங்களின் கணக்கையே மாற்றிவிட்டது எனலாம்.

நாம் செய்யத்தக்கவை

பொறி வாங்குமுன் பொறியின் விலையைப் பாராது, ஒரு பக்கத்திற்கான மைச்செலவைக் கணக்கிட வேண்டும். எடுத்துக்காட்டாக, 40 வெள்ளிப் பெட்டி 160 பக்கம் அச்சிடுமாயின், பக்கத்திற்கு 25 காசு. 40 வெள்ளிக்கு வாங்கும் தொட்டி மை 4,000 பக்கம் அச்சிடுமாயின், பக்கத்திற்கு 1 காசு. வாரம் 200 தாள் அச்சிடும் ஆசிரியர்க்கு முன்னது 50 வெள்ளி. பின்னது 2 வெள்ளி. தொட்டிப்பொறி 300 வெள்ளி கூடுதல் என்றாலும், ஏழு வாரத்திற்குள் அத்தொகை மீண்டுவிடும். மாதத்திற்குப் பத்துத் தாள் மட்டும் அச்சிடுவோர்க்கு இக்கணக்குப் பொருந்தாது. அவர்களுக்குச் சிறு பொறியே போதும்.

பெட்டியை நிரப்ப விரும்புவோர் சிலவற்றை நினைவிற் கொள்ளவேண்டும். தலைப்பகுதியோடு கூடிய பெட்டியில் மை முற்றும் வற்றுமுன்பே நிரப்புதல் நன்று. அங்கே மையே வெப்பத்தைத் தணிக்கின்றது. மையின்றி இயங்கினால் தலைப்பகுதி கருகிவிடும். கரைசாய மையையும் நிறமித்துகள் மையையும் கலக்கலாகாது. கலந்தால் மை திரிந்து துளை அடைபடும். ஒரே பெட்டியைப் பன்முறை நிரப்பினால் எழுத்து மங்குவதும் இயல்பே. பொறியை அதன் பொத்தானால் அணைக்கவேண்டும். சுவர்ச் சுவிட்சால் அணைத்தால், தலைப்பகுதி மூடப்படாமல் உலர்ந்துபோகலாம். பிறகு துளைகளைத் துடைப்பதற்கே மை வீணாகும். ‘பொறி கெட்டுவிடும்’ என்பார் கூற்றில் உள்ள உண்மை இவ்வளவே.

2020ஆம் ஆண்டு மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, இணைய வசதியற்ற தோட்டத்துப் பிள்ளைகளுக்காக ஆசிரியர் பலர் தம் வீட்டிலேயே பயிற்சித்தாள்களை அச்சிட்டு அனுப்பினர். அதற்கான மையைத் தம் சம்பளத்திலிருந்தே வாங்கினர். மை விலையென்பது கடைக்காரர் கணக்கு மட்டுமன்று. ஒரு பிள்ளையின் கைக்கு எத்தனை தாள் போய்ச் சேரும் என்பதையும் அதுவே முடிவுசெய்கின்றது என்று அப்போது உணர்ந்தோம்.

ஒரு பொருளை விலைகொடுத்து வாங்கியவன் அதற்கு உரியவன் ஆகிறானா, அல்லது விற்றவனின் வாடிக்கையாளனாகவே என்றும் இருக்கக் கடவனா? 1912ஆம் ஆண்டில் ஒரு குவளை மையைக் கொண்டு எழுப்பப்பட்ட இவ்வினாவிற்கு, உலகம் இன்னும் ஒருமுகமாக விடை சொல்லவில்லை. நீதிபதிகள் தம் விடையைத் தேடட்டும். நாம், அடுத்த முறை பொறி வாங்கச் செல்லும்போது, கையில் பென்சிலும் தாளும் கொண்டு சென்று, பக்கத்திற்கு எத்தனை காசு என்று கணக்கிட்டுப் பார்ப்போமாக. அதுவே வாங்குவோர் கையிலுள்ள முதல் உரிமை.