உயிர் காலேஜுக்குப் போகும் வழி

உப்பிலியபுரம் பக்கம் வயசானவர்களிடம் மெட்ராஸ் பயணம் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் ரெண்டு பெயர் தவறாமல் வரும். செத்த காலேஜ், உயிர் காலேஜ். முதலாவது எழும்பூர் அருங்காட்சியகம். பாடம் பண்ணின விலங்குகளும் எலும்புக்கூடுகளும் இருந்ததால் அந்தப் பெயர். ரெண்டாவது, சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சிசாலை. இன்றைக்கு வண்டலூரில் இருக்கிற அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் பழைய வடிவம் அதுதான்.

இந்தப் பூங்காவின் வரலாற்றை நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் பார்க்க நினைத்தது வேறு. வெளியூரிலிருந்து பஸ்ஸோ ரயிலோ பிடித்து வருகிற ஒரு குடும்பத்துக்கு, அதுவும் மழைக்காலத்தில், அது எவ்வளவு தூரத்தில் இருந்தது?

ஆரம்பத்தில் ரெண்டு காலேஜும் ஒரே இடத்தில்தான் இருந்தன. அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபர் என்ற ராணுவ மருத்துவர், உயிருள்ள விலங்குகள் இருந்தால் கூட்டம் வரும் என்று புரிந்துகொண்டார். ஆற்காட்டு நவாபிடம் பேசி அவருடைய விலங்குகளை வாங்கினார். 1855-ல் அருங்காட்சியக வளாகத்திலேயே மிருகக்காட்சிசாலை தொடங்கியது. ஒரே வருடத்தில் 300-க்கும் மேற்பட்ட விலங்குகள் சேர்ந்துவிட்டன. 1863-ல் நிர்வாகம் நகராட்சியின் கைக்குப் போக, எல்லாம் பீப்பிள்ஸ் பார்க்குக்கு இடம் மாறின. பார்க்க இலவசம்.

சென்ட்ரல் ஸ்டேஷன் வந்தது 1873-ல். அதாவது ஸ்டேஷனைவிட மிருகக்காட்சிசாலை பத்து வருடம் மூத்தது. எதிரே மின்சார ரயில் நிற்கும் ஸ்டேஷனுக்குப் ‘பார்க்’ என்ற பெயர் வந்ததும் இந்தப் பூங்காவால்தான். ரிப்பன் மாளிகை, மூர் மார்க்கெட், நேரு ஸ்டேடியம் என்று ஒவ்வொன்றாக அதைத் தின்றுவிட்டன. பெயர் மட்டும் மிச்சம்.

திருச்சிப் பக்கத்து ஆட்களுக்கு இது பெரிய வசதி. நம்ம ரயில் போய் நிற்கிற இடம் எழும்பூர். இறங்கிப் பொடிநடையாகச் செத்த காலேஜ், அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உயிர் காலேஜ், பக்கத்திலேயே மூர் மார்க்கெட்டில் சாமான். மழை பிடித்துக்கொண்டால் ஒதுங்குவதற்கு ஸ்டேஷன், மார்க்கெட், ஹோட்டல் எல்லாம் எட்டின தூரத்தில். வெளியூர்க்காரன் ஒரே பகலில் பார்த்து முடித்துவிட்டு ராத்திரி ரயிலைப் பிடிக்கலாம்.

நமக்கு இருந்த வசதி விலங்குகளுக்கு இல்லை. இதற்கு மோசமான உதாரணம் 1942 ஏப்ரல். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மெட்ராஸே காலியாகிக்கொண்டிருந்த நேரம். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் சிங்கமும் புலியும் ஊருக்குள் வந்துவிடும் என்ற பயத்தில், ஆபத்தான விலங்குகளை மலபார் ஸ்பெஷல் போலீஸை வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். நகரின் நடுவில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கூண்டு இருந்ததற்கு அவை கொடுத்த விலை அது.

1970-களில் இடநெருக்கடியும் இரைச்சலும் தாங்க முடியாமல் போனது. 1976-ல் வண்டலூர் காப்புக்காட்டில் 1,265 ஏக்கர் ஒதுக்கினார்கள். 1985 ஜூலை 24 அன்று முதல்வர் எம்.ஜி.ஆர். புதிய பூங்காவைத் திறந்துவைத்தார். அதற்கு ரெண்டு மாசம் முன்னால்தான், மே 30-ல், மூர் மார்க்கெட் எரிந்திருந்தது. ஒரே கோடையில் வெளியூர்க்காரனின் மெட்ராஸ் பாதி காணாமல் போயிற்று.

வண்டலூர், சென்ட்ரலிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். மின்சார ரயிலில் தாம்பரம் தாண்டி ரெண்டாவது ஸ்டேஷன். நம்ம பக்கத்து பஸ்கள் எல்லாம் ஜூ வாசலைத் தாண்டித்தானே போகும், நமக்கென்ன கஷ்டம் என்று கேட்கலாம். ஆனால் விடிகாலையில் பையும் பிள்ளைகளுமாக ஹைவேயில் இறங்கி, கொட்டுகிற மழையில் காலை 9 மணி வரை எங்கே நிற்பது? அதனால் பஸ் நேராகப் பாரிமுனைக்கோ, 2002-க்குப் பிறகு கோயம்பேட்டுக்கோ போய்விடும். அங்கிருந்து ஒரு முழு நாளை ஒதுக்கித் திரும்பி வர வேண்டும். பள்ளிக்கூடத்து அரைப் பரீட்சை லீவு டிசம்பரில் வருகிறது. மழையும் புயலும் வருகிற மாசம் அது. லீவு போட்டால் அன்றைய கூலி போய்விடும் என்கிற குடும்பத்துக்கு, போய்ப் பார்த்து மூடியிருந்தால் இன்னொரு தடவை என்பது கிடையாது.

2016 டிசம்பர் 12 வர்தா புயலில் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அந்த அரைப் பரீட்சை லீவில் பூங்கா பூட்டியே கிடந்தது.

2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தார்கள். ஊருக்கு வெளியே தள்ளிவிட்டார்கள் என்று தென்மாவட்ட ஆட்கள் புலம்பியது நியாயம்தான். ஆனால் அங்கிருந்து ஜூ ரெண்டு மூணு கிலோமீட்டர். 1985-ல் ஸ்டேஷனை விட்டு விலகிப்போன உயிர் காலேஜுக்குப் பக்கத்தில், 38 வருடம் கழித்து பஸ் ஸ்டாண்டே வந்து சேர்ந்துவிட்டது. கூரையும் கழிப்பறையும் டீயும் உள்ள இடத்தில் மழை விடும்வரை உட்காரலாம்.

அப்படி ஒரு டிசம்பரில் துறையூரில் ராத்திரி பஸ் ஏறி, அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். விடாத தூறல். புலி இருக்கிற இடத்தில் அகழி, புதர், மரம் எல்லாம் இருந்தன. புலியைக் காணோம். அம்மா கல்யாணமான புதிதில் பழைய இடத்தைப் பார்த்தவர். “அங்க கம்பிக்குள்ளயே நிக்கும்டா. நாமளும் நனைஞ்சோம், அதுவும் நனைஞ்சுது” என்றார். “அதுக்கு இங்க ஒதுங்க எடம் இருக்குல்ல பாட்டி” என்றாள் மகள்.

ரெண்டு பேர் சொன்னதும் சரி. பழைய இடம் பார்ப்பவருக்காகக் கட்டியது. விலங்கால் ஒளிய முடியாது. புதிய இடத்தில் விலங்குக்கு மறைந்துகொள்ள வசதி உண்டு. பார்ப்பவர்தான் தூரத்தையும் செலவையும் ஏமாற்றத்தையும் சுமக்க வேண்டும். வெயில் நாளில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, மழை நாளில்தான் தெரியும். இந்த மாற்றம் சரியானதுதான் என்பது என் கட்சி. ஆனால் அதற்கான சுமையை அதிகம் சுமந்தது கார் வைத்திருப்பவர்கள் இல்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

மழையில் போகிறவர்களுக்கு ஒரு தகவல். பூங்காவுக்குள் ஓட்டேரி என்று ஒரு ஏரி இருக்கிறது. மழை பெய்து நிரம்பினால்தான் அங்கே பறவைகள் கூடும். கூண்டுக்காரர்கள் எல்லாம் உள்ளே ஒதுங்கியிருக்கும்போது பார்க்கத் தோதான இடம் அதுதான். செவ்வாய்க்கிழமை விடுமுறை, புயல் எச்சரிக்கை இருந்தால் முதல் நாளே விசாரித்துவிடுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். விலங்குகளின் எண்ணிக்கைக்கு அரசு ஆவணம் இருக்கிறது. எந்த ரயிலில் போனோம், எங்கே சாப்பிட்டோம், மழைக்கு எங்கே ஒதுங்கினோம் என்பதற்கு வீட்டுப் பெரியவர்கள்தான் ஆவணம். உயிர் காலேஜைப் பார்த்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாரமே கேட்டு, வருடத்தோடு எழுதி வையுங்கள்.