ஜான்சன் திருத்தம்

ஜான்சன் திருத்தம் என்பது ஐக்கிய அமெரிக்காவில் வரிவிலக்குப் பெற்ற தேவாலயங்களும் பிற அறநிறுவனங்களும் தேர்தல் வேட்பாளர் எவரையும் ஆதரிப்பதை அல்லது எதிர்ப்பதைத் தடை செய்யும் வரிச் சட்டப் பிரிவு ஆகும். 1954 ஆம் ஆண்டு செனட்டர் லிண்டன் பி. ஜான்சன் இதனை முன்மொழிந்தார். போர், வறுமை, கருக்கலைப்பு முதலிய அரசியல் சிக்கல்களைப் பற்றிப் பிரசங்கிக்க இது தடையன்று. ஆயினும் எல்லை தெளிவானதல்ல.

1992 இல் பில் கிளின்டனுக்கு எதிராக நாளிதழ் விளம்பரம் வெளியிட்ட நியூயார்க் மாநிலத் தேவாலயம் ஒன்று 1995 இல் வரிவிலக்கை இழந்தது. 2004 தேர்தலுக்கு முந்தைய ஞாயிறன்று கலிபோர்னியாவின் பாசடீனா நகரத் தேவாலயம் ஒன்றில் ஈராக் போரைக் கண்டித்துப் பிரசங்கம் செய்யப்பட்டது. எவருக்கும் வாக்குக் கேட்கப்படவில்லை. எனினும் அது விதிமீறல் என்று 2007 இல் கூறிய வரித்துறை, வரிவிலக்கை நீக்கவுமில்லை, மீறல் எதில் உள்ளது என்று விளக்கவுமில்லை.

வழிபாட்டில் போதகர் தம் சபையாரிடம் தேர்தல் குறித்துச் சமய நோக்கில் பேசுவது குடும்ப உரையாடலை ஒத்தது, தடைக்கு உட்படாது என்று 2025 சூலையில் டெக்சாசு நீதிமன்றத்தில் அதே துறை தெரிவித்தது.