நெடுந்தீவுக்குப் போறதுக்கு முதல்

கடைசிப் பரீட்சை முடிஞ்ச அன்று கன்ரீனில் தொடங்கிய கதை இது. எங்களில் ஒருத்தி ஃபோனில் ஸ்பெயினின் கிரனாடா நகரத்து வீடியோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அல்ஹம்ரா அரண்மனை, கல் பதித்த ஒழுங்கைகள், பழைய மதில்கள். "வேலை எடுத்தாப்பிறகு ஒருக்காலாவது இங்க போகோணும்" என்றாள். விசா, ரிக்கற், வங்கியில் காட்டவேண்டிய காசு என்று எல்லாரும் கணக்குப் பார்த்தோம். பார்த்து முடிய, கையில் இருந்தது பஸ் காசு மட்டும்தான். "அப்ப நெடுந்தீவுக்குப் போவம்" என்று ஒருத்தன் சொல்ல, எல்லாரும் சிரித்தோம்.

யோசித்துப் பார்த்தால் அது வெறும் பகிடி இல்லை. நாங்கள் ஸ்பெயினுக்குப் போகாவிட்டாலும் ஸ்பெயின் ஒருகாலம் எங்களிடம் வந்திருக்கிறது. 1580இல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் கைக்குப் போர்த்துக்கல்லின் முடியும் போனது. 1640 வரை இரண்டு நாட்டுக்கும் ஒரே அரசர். 1619இல் பிலிப் டி ஒலிவேரா சங்கிலி மன்னனைத் தோற்கடித்து யாழ்ப்பாண அரசைப் பிடித்தபோது, அந்தப் போர்த்துக்கேயப் படைக்கு மேலே அரசராக இருந்தவர் ஸ்பெயினின் மூன்றாம் பிலிப். பரீட்சைக்காக 'போர்த்துக்கேயர் காலம்' என்று பாடமாக்கிய எங்களுக்கு இது அப்போதுதான் உறைத்தது.

உடனே ஒரு கொப்பியை எடுத்துப் பார்க்கவேண்டிய இடங்களை எழுதினோம். நெடுந்தீவில் போர்த்துக்கேயக் கோட்டை, குதிரைகள், ஒல்லாந்தர் காலக் குதிரை லாயம், புறாக்கூடு, பெருக்க மரம். ஊர்காவற்றுறையில் கடலோரத்து உருண்டிக் கோட்டை, நடுக்கடலில் நிற்கும் கடற்கோட்டை. கூகிளில் தேடினாலும் ஏறக்குறைய இதே பட்டியல்தான் வரும்.

எங்கட பச்சில் நெடுந்தீவுப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் கொப்பியைக் காட்டினோம். வாசித்துவிட்டுச் சொன்னாள்: "எல்லாரும் இதைத்தான் எழுதிக்கொண்டு வருவினம். குதிரையோட நிண்டு போட்டோ எடுப்பினம். பின்னேரப் படகில போயிடுவினம். எங்கட ஆக்களப் பற்றி இதில ஒண்டும் இல்லையே?"

திரும்பப் பார்த்தோம். பட்டியலில் இருந்த எல்லாமே வெளியில் இருந்து வந்தவர்கள் கட்டியது, கொண்டுவந்தது அல்லது நட்டது என்று பேர் எடுத்தவை. தீவுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது என்று சொல்ல எங்களுக்கே ஒரு வெள்ளைக்காரன் தேவைப்பட்டிருக்கிறான்.

பெயர்களிலும் இந்தக் கதை இருக்கிறது. 'கயிற்ஸ்' என்பது துறைமேடையைக் குறிக்கும் 'காய்ஸ்' என்ற போர்த்துக்கேயச் சொல்லில் இருந்து வந்தது. பிறகு 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், தங்கள் நாட்டு ஊர்ப் பெயர்களைத் தீவுகளுக்கு வைத்தார்கள். காரைதீவுக்கு அம்ஸ்ரடாம், வேலணைக்கு லெய்டன், நயினாதீவுக்கு ஹார்லெம், அனலைதீவுக்கு ரொட்டர்டாம், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ற். கடற்கோட்டைக்கு வைத்தது ஹமன்ஹீல், அதாவது பன்றித் தொடையின் குதி. இலங்கைத் தீவு அவர்களுடைய கண்ணுக்குப் பன்றித் தொடை மாதிரித் தெரிந்ததாம். இன்றைக்கு நயினாதீவில் நின்று ஹார்லெம் எங்கே என்று கேட்டால் ஒருவரும் வழி காட்டமாட்டார்கள். இங்கிலீஷில் டெல்ஃப்ற் மட்டும் தப்பி நிற்கிறது. ஊர்ச்சனத்தின் வாயில் அதுவும் நெடுந்தீவுதான்.

அப்படியென்றால் கோட்டைகளுக்கு முந்தி என்ன இருந்தது? விடை நாங்கள் சின்ன வயதிலிருந்து திருவிழாவுக்குப் போய்வரும் இடத்திலேயே இருந்தது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு கல்வெட்டு உண்டு. பேராசிரியர் கா. இந்திரபாலா ஆராய்ந்து எழுதிய கல்வெட்டு அது. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையில் இருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் கட்டளை, தமிழில் வெட்டப்பட்டிருக்கிறது. வெளிநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வரவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கவேண்டும் என்கிறது அது. ஊராத்துறை என்பது எங்கட ஊர்காவற்றுறையின் பழைய பெயர். யானை, குதிரை ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவருக்கு. வணிகப் பொருள் ஏற்றிய கப்பல் என்றால் சரிபாதி.

ஒரு சிங்கள மன்னன், தமிழ் மொழியில், கடலால் வாறவனைக் காப்பாற்று என்கிறான். போர்த்துக்கேயர் இந்தக் கடலுக்கு வருவதற்கு 300 வருசத்துக்கு மேல் முந்தியே இந்தத் துறையில் குதிரைக் கப்பல்கள் எதிர்பார்க்கப்பட்டிருக்கின்றன. கப்பல் உடைந்தவனுக்கு என்ன கொடுக்கவேண்டும் என்று சட்டமும் இருந்திருக்கிறது. எங்கட முதல் பட்டியலில் இந்தக் கல்லுக்கு இடமே இல்லை.

இன்னொன்றுக்கும் இடம் இருக்கவில்லை. அதை நெடுந்தீவுப் பிள்ளைதான் தன் கையால் கொப்பியில் எழுதினாள்: குமுதினி.

1985 மே 15. நெடுந்தீவில் இருந்து குறிகட்டுவானுக்குச் சனத்தை ஏற்றிக்கொண்டு வந்த குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என்று பலர் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டார்கள். குறைந்தது 23 பேர் என்றது சர்வதேச மன்னிப்புச் சபை. ஊரவர் சொல்லும் கணக்கு அதைவிடக் கூட. செய்தது கடற்படையினர் என்று உயிர்தப்பியவர்கள் சொன்னார்கள். அந்தப் படகு திருத்தப்பட்டுப் பிறகும் அதே கடலில் ஓடியது. வேறு வழியில்லாத சனம் அதில்தான் ஏறி வந்துபோனது. செத்தவர்களின் நினைவிடம் மாவலித்துறையில் இருக்கிறது. படகால் இறங்கும் எல்லாரும் அந்தத் துறையால்தான் போகவேணும். குதிரை பார்க்கப் போற அவசரத்தில் திரும்பிப் பார்க்காமலும் போகலாம்.

800 வருசத்துக்கு முந்திய கல் ஒன்று கடலில் வாறவனுக்குப் பாதுகாப்பு என்கிறது. அதே கடலில் சொந்த நாட்டுச் சனத்துக்கு அது கிடைக்கவில்லை. வகுப்பில் இந்த இரண்டையும் ஒரே பாடத்தில் நாங்கள் படித்ததில்லை. படகில் போனால் இரண்டுக்கும் ஒரே துறைதான், குறிகட்டுவான்.

அதனால் திட்டத்தை மாற்றி இரண்டு சனிக்கிழமையாகப் பிரித்திருக்கிறோம்.

முதல் சனி, பண்ணைப் பாலத்தால் போய், வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான். படகில் நயினாதீவு. கோயிலில் கல்வெட்டு, பிறகு அதே தீவில் நாகதீப விகாரை. திரும்பி ஊர்காவற்றுறை. 1620களின் கடைசியில், ஸ்பானிய அரசர்களின் காலத்தில் எழும்பிய உருண்டிக் கோட்டையின் இடிபாடு அங்கே இருக்கிறது. அங்கே நின்று பார்த்தால் கடற்கோட்டை தெரியும். 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது, சுற்றிவரக் கடல் இருந்தும் குடிக்கத் தண்ணியில்லாமல் அது பணிந்தது. இப்போது ஹோட்டல். எங்கட காசுக்குக் கரையில் நின்று பார்ப்பதே போதும். பிறகு 'பாதை'யில் ஏறிக் காரைநகர், அங்கிருந்து பஸ்.

இரண்டாவது சனி நெடுந்தீவு. முதலில் மாவலித்துறை நினைவிடம். பிறகு முருகைக்கல் வேலிகள். சாந்து இல்லாமல் கல்லுக்கு மேல் கல் அடுக்கி, காணிக்குக் காணி ஊர்ச்சனம் கட்டியவை. கோட்டையும் அதே முருகைக்கல்தான். அந்தக் கல்லைச் சுமந்தவர்களின் பெயர் ஒரு பலகையிலும் இல்லை. அதற்குப் பிறகு கோட்டை, லாயம், பெருக்க மரம். குதிரைகள் கடைசியில்.

வர விருப்பமானவர்கள் சொல்லுங்கோ. இரண்டு விசயம் மட்டும். கடைசிப் படகின் நேரத்தை முதல் நாளே கேட்டு வையுங்கோ. குடிதண்ணியைக் கையோடு கொண்டு வாங்கோ. கோடையில் தண்ணியில்லாமல் குதிரைகள் செத்த தீவு அது. அங்கே இருக்கிற சனத்தின் நல்ல தண்ணியில் நாங்கள் போய்ப் பங்கு கேட்கக் கூடாது.

கிரனாடாவுக்கும் ஒருநாள் போவம். அங்கே போனாலும் அரண்மனையைக் கட்டியவன் ஆர் என்று கேட்கிறதோட நிற்காமல், கல் சுமந்தவன் ஆர் என்றும் கேட்போம்.