கைத்துப்பாக்கியும் அதன் அளவும்



"தற்காப்புக்காக ஒருவர் நாள்தோறும் உடன் கொண்டு செல்லத்தக்க கைத்துப்பாக்கி எது? அதன் குண்டு எவ்வளவு பருமன் உள்ளதாய் இருத்தல் வேண்டும்?" என்னும் வினாவை இளைஞர் சிலர் எழுப்பக் கேட்கின்றேன். திரைப்படங்கள் கற்பித்த வினா இது என்று நாம் தள்ளிவிடலாம். ஆனால் ஆசிரியத் தொழிலில் நான் பழகிய முறை வேறு. எந்த வினாவையும் தள்ளிவிடலாகாது. அது எங்கே பிறந்தது, யாரால் இதற்குமுன் விடை காணப்பெற்றது என்று ஆராய்தல் வேண்டும். அவ்வாறு ஆராயப் புகுந்தால், இந்தச் சிறு வினாவுக்குள் நம் நாட்டின் இருநூறு ஆண்டு வரலாறு அடங்கிக் கிடப்பதைக் காணலாம்.

முதலில் 'அளவு' என்பது யாது எனத் தெளிவோம். துப்பாக்கிக் குழலின் உட்புற விட்டமே அதன் அளவு. .32 என்றால் ஓர் அங்குலத்தை நூறு கூறாக்கி, அவற்றுள் முப்பத்திரண்டு கூறு. ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். .455 என்பது பதினொன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மிகுதி. நம் சிற்றூர்களில் '12 போர்' என்று வழங்கும் நீண்ட துப்பாக்கியின் கணக்கு வேறு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அவ்வுருண்டை ஒன்று எந்தக் குழலுள் சரியாகப் பொருந்துமோ அது 12 போர். ஆகவே போர் எண் பெருகப் பெருகக் குழல் சிறுத்துக்கொண்டே போகும்.

எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திற்கும் வெடிமருந்துக்கும் உள்ள உறவு பழமையானது. பழவேற்காட்டில் 1613இல் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பிய டச்சுக்காரர், பதினேழாம் நூற்றாண்டில் அங்கே வெடிமருந்தும் செய்து கடல் கடந்து அனுப்பினர். மாவட்டத்தின் மேலைக்கோடியில், நான் வாழும் பள்ளிப்பட்டு வட்டாரமோ பாளையக்காரர் நிலம். கார்வேட்டிநகர்ப் பாளையத்தின் அண்மையில் அமைந்தது. பாளையக்காரர் ஆட்சியில் வேல், வாள், துப்பாக்கி ஆகியவை ஊர்க்காவலின் பகுதியாக இருந்தன. காவற்காரன் கையில் படைக்கலம் இருத்தல் இயல்பு, இல்லாதிருத்தலே வியப்பு.

இந்நிலை எப்பொழுது மாறியது? 1801 அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் மருது பாண்டியர் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில், சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். தென்னாட்டுப் பாளையங்களில் மக்கள் படைக்கலம் வைத்திருத்தலை அது தடை செய்தது. கோட்டைகள் இடிக்கப்பட்டன, படைக்கலங்கள் பறிக்கப்பட்டன. தமிழகத்து மக்கள் கையிலிருந்து படைக்கலம் நீங்கிய வரலாறு இங்கே தொடங்குகின்றது.

அதே நூற்றாண்டில் மேலைநாடுகளில் துப்பாக்கியின் உருவம் விரைந்து மாறிற்று. சக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பும் பழைய துப்பாக்கி மழைக்காலத்தில் கைகொடாது. 1807இல் பார்சைத் என்னும் ஸ்காத்துலாந்துப் பாதிரியார், தட்டினால் தீப்பற்றும் மருந்தைப் பயன்படுத்தும் முறைக்கு உரிமை பெற்றார். 1836இல் அமெரிக்காவில் சாமுவேல் கோல்ட் தம் சுழல்துப்பாக்கிக்கு உரிமை பெற்றார். இதனையே ரிவால்வர் என்கிறோம். 1851இல் இலண்டன் பெருங்கண்காட்சியில் இராபர்ட் ஆடம்சு என்னும் ஆங்கிலேயர் மற்றொரு வகையைக் காட்டினார். கோல்ட்டின் கருவியில் ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னிழுத்த பின்னரே சுடவேண்டும். ஆடம்சின் கருவியிலோ விசையை இழுத்தாலே போதும். சுழல்வதும் சுடுவதும் ஒருங்கே நிகழும். மேலும் கோல்ட்டின் கடற்படை வகை .36 அளவு; ஆடம்சின் குண்டு அதனினும் பருத்தது.

1857ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சி இவ்விரண்டையும் சோதித்தது. மிக அண்மையில் வாளோடு பாய்ந்து வருவோரை எதிர்கொண்ட ஆங்கில அதிகாரிகளுள் பலர், விரைந்து சுடுவதும் பருத்த குண்டு உடையதுமான ஆடம்சினையே விரும்பினர். "எந்தத் துப்பாக்கி நம்பத்தக்கது? எந்த அளவு போதும்?" என்னும் வினா நம் மண்ணில் இவ்வாறு தோன்றியது. ஆனால் அதனைக் கேட்டவர் யார்? ஆண்டவர். ஆளப்பட்டவருக்கு அவ்வினாவைக் கேட்கும் உரிமையே இல்லை.

கிளர்ச்சி ஒடுங்கியபின் 1860இல் ஒரு படைக்கலச் சட்டம் வந்தது. லிட்டன் பிரபு ஆட்சியில் 1878ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மேலும் இறுக்கியது. இந்தியர் உரிமம் பெற்றே துப்பாக்கி வைத்திருக்கலாம். ஐரோப்பியருக்கோ விலக்கு உண்டு. ஒரே ஊரில் வாழும் இருவருள் ஒருவர் உரிமம் கேட்டு அலுவலக வாயிலில் நிற்க, மற்றவர் தோலின் நிறத்தால் அக்கவலையின்றி நடந்தார். 1887இல் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் சென்னையில் கூடிய காங்கிரசு மாநாடு இச்சட்டத்தைத் திருத்துமாறு தீர்மானம் நிறைவேற்றியது. அதே 1887இல்தான் ஆங்கிலப் படை, பர்மிங்காம் நகரத்து வெப்லி நிறுவனத்தின் பெரிய அளவுச் சுழல்துப்பாக்கியைத் தனக்குரியதாக ஏற்றது. ஒருபுறம் கருவி வலுத்தது. மறுபுறம் அக்கருவி மறுக்கப்பட்டோர் குரல் வலுத்தது.

மாணவர்கள் கூர்ந்து கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அரசு துப்பாக்கியை மட்டுமன்றி, அதன் அளவையும் கட்டுப்படுத்தியது. 1907இல் .450 அளவுத் தோட்டாக்களை இந்தியாவுக்குள் கொண்டுவருதல் தடுக்கப்பட்டது. படையில் வழங்கிய பழைய துப்பாக்கிகளின் அளவு அதுவே. வேட்டைக்காரனுக்கென வரும் தோட்டா கிளர்ச்சிக்காரன் துப்பாக்கிக்குப் பயன்படலாகாது என்பது கருத்து. ஆங்கிலத் துப்பாக்கிக் கம்மியர் உடனே .465, .470, .475 என்று புதிய அளவுகளைப் படைத்துக்கொண்டனர். படைக்கு ஓர் அளவு, குடிமக்களுக்கு வேறோர் அளவு என்னும் கொள்கை அன்று வேரூன்றியது. இன்றும் அது வாழ்கின்றது.

1911ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. பிலிப்பைன் தீவுப் போரில் .38 அளவுக் குண்டுகள் எதிரியைத் தடுக்கவில்லை என்று அமெரிக்கப் படையினர் முறையிட்டனர். தாம்சன், லகார்டு என்னும் இரு அதிகாரிகள் 1904இல் சிக்காகோ இறைச்சிக் கூடங்களில் ஆய்வு செய்து, .45க்குக் குறைந்த அளவு ஆகாது என்றனர். அதன் விளைவாக 1911 மார்ச்சில் பிரௌனிங் என்பவர் வகுத்த .45 பிஸ்டல் அமெரிக்கப் படைக்கருவியாயிற்று. அவ்வாண்டு சூன் 17ஆம் நாள் மணியாச்சி நிலையத்தில் வாஞ்சிநாதன் மாவட்ட ஆட்சியர் ஆஷைச் சுட்டான்; தன்னையும் சுட்டுக்கொண்டு மாய்ந்தான். அவன் கையில் இருந்ததும் பெல்ஜிய நாட்டில் செய்த பிரௌனிங் பிஸ்டலே. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில், வ.வே.சு. ஐயரைச் சார்ந்தோர் துப்பாக்கிப் பயிற்சி செய்த காலம் அது.

1914 ஆகஸ்டு 26ஆம் நாள் கல்கத்தாவில் ராடா நிறுவனத்துக்கு வந்த சரக்கிலிருந்து ஐம்பது மௌசர் பிஸ்டல்களும் 46,000 தோட்டாக்களும் புரட்சியாளர் கைக்குப் போயின. உரிமம் மறுக்கப்பட்ட நாட்டில் படைக்கலம் மறைவழியில் புகுந்தது.

காந்தியடிகள் தம் வாழ்க்கை வரலாற்றில் இப்படைக்கலச் சட்டத்தை மிகக் கடுமையாகக் கண்டித்துள்ளார். கொல்லாமையைப் போற்றிய அவர் அவ்வாறு எழுதியது முரண்பாடன்று. ஏந்த உரிமை உள்ளவன் ஏந்தாதிருப்பது அறம். உரிமையற்றவன் ஏந்தாதிருப்பது அடிமைத்தனம். 1931ஆம் ஆண்டின் கராச்சித் தீர்மானம், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டுப் படைக்கலம் வைத்திருத்தலைக் குடிமக்கள் உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. அந்தக் காந்தியடிகளையே 1948 சனவரி 30ஆம் நாள் இத்தாலியில் செய்த பெரட்டா பிஸ்டல் வீழ்த்தியது. அது சிறிய 9 மில்லிமீட்டர்த் தோட்டா. படைவல்லுநர் வலுக்குறைந்தது என்று ஒதுக்கக்கூடியது. கருவி பழுதின்றி இயங்கிற்று. கருவி நம்பத்தக்கதாய் இருந்தது. ஏந்தியவன் நம்பத்தக்கவனாய் இல்லை. இவ்விரண்டையும் பிரித்துணர்வதே இப்பேச்சின் நோக்கம்.

அவ்வாண்டு டிசம்பரில் அரசியல் நிருணய சபையில் எச். வி. காமத் படைக்கல உரிமையை அடிப்படை உரிமையாக்கத் திருத்தம் கொணர்ந்தார். டாக்டர் அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை, திருத்தம் தோற்றது. படைக்கலமின்றி அமைதியாகக் கூடும் உரிமையே நம் அரசியலமைப்பில் இடம் பெற்றது. பின்னர் 1959இல் நம் பாராளுமன்றம் புதிய படைக்கலச் சட்டம் இயற்றியது. 1962 அக்டோபர் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. நிற வேற்றுமை அதில் இல்லை. உரிமம் மட்டும் நிலைத்தது. பள்ளிப்பட்டுப் பகுதியை ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துடன் இணைக்க வழிசெய்த எல்லைச் சட்டமும் அதே 1959இல் பிறந்ததே. இணைப்பு 1960 ஏப்ரல் முதல் நாள் நிகழ்ந்தது. பயிரைப் பன்றியிடமிருந்து காக்கும் உழவன் வாய்வழி மருந்து இடிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் பெறவும் அப்படைக்கலச் சட்டத்தில் தனி வழி உண்டு. தேர்தல் நெருங்கும்போது உரிமத் துப்பாக்கிகள் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்படுவதை நம் சிற்றூர்ப் பிள்ளைகள் கண்டிருப்பர்.

இனி, முதல் வினாவுக்கு வருவோம். இந்தியக் குடிமகன் எந்த அளவைத் தேர்ந்தெடுப்பது? அத்தேர்வின் பெரும்பகுதியைச் சட்டமே செய்துவிட்டது. காவலரும் படையினரும் ஏந்தும் 9 மில்லிமீட்டர், .38 முதலியவை தடுக்கப்பட்ட அளவுகள். ஆகவே குடிமக்களுக்கு வழக்கமாய்க் கிடைப்பது .32. கான்பூர், ஈசாப்பூர் அரசுத் தொழிற்சாலைகள் அவ்வளவில் கைத்துப்பாக்கிகள் செய்கின்றன. 2014இல் கான்பூரில் வெளிவந்த 'நிர்பீக்' என்னும் பெண்களுக்கான சுழல்துப்பாக்கியும் .32 அளவே, எடை ஏறத்தாழ 500 கிராம், விலையோ இலட்ச ரூபாய்க்கு மேல்.

.32 போதுமா? இயற்பியல் வகுப்பில் கற்ற கணக்கைப் போட்டுப் பாருங்கள். 8 கிராம் எடையுள்ள 9 மில்லிமீட்டர்க் குண்டு நொடிக்கு 360 மீட்டர் விரைந்தால் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 518 சூல். பிஸ்டலுக்குரிய .32 குண்டு 4.6 கிராம், வேகம் 280 மீட்டர் என்று கொண்டால் 180 சூல். மூன்றில் ஒரு பங்கே. ஆனால் எண் மட்டும் முடிவு செய்வதில்லை. 1986 ஏப்ரலில் மியாமி நகரச் சண்டையில் இரு அதிகாரிகளை இழந்த அமெரிக்க நடுவண் புலனாய்வுத் துறை, 9 மில்லிமீட்டரைப் பழித்து அதனினும் வலிய அளவுகளுக்குச் சென்றது. ஏறத்தாழ முப்பது ஆண்டுக்குப்பின், குறி தவறாமையும் பயிற்சியுமே பெரிது எனக் கண்டு மீண்டும் 9 மில்லிமீட்டருக்கே திரும்பியது. நம் நாட்டிலும் 1967 சனவரி 12ஆம் நாள் இராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரும் எம்.ஆர். இராதாவும் மிக அண்மையிலிருந்து குண்டடிபட்டனர். இருவரும் உயிர் பிழைத்தனர். கைத்துப்பாக்கி, திரையில் காட்டப்படுவது போல் உறுதியான கருவியன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சுழல்துப்பாக்கியா, பிஸ்டலா என்பாரும் உளர். சுழல்துப்பாக்கியில் ஒரு தோட்டா வெடிக்காவிடின் விசையை மறுமுறை இழுத்தால் அடுத்தது வரும், உறுப்புகள் எளியன, ஆனால் ஐந்தாறு குண்டுகளே கொள்ளும். பிஸ்டல் தட்டையானது, மிகுதியான குண்டுகள் கொள்வது. ஆனால் தூய்மையும் தக்க தோட்டாவும் இன்றேல் இடையில் சிக்கிக்கொள்ளும். நம் கடற்கரை ஈரத்தில் இரண்டிற்கும் துரு பொது. பேணாத கருவி எதுவும் நம்பத்தக்கதன்று.

சட்டம் இன்று கேட்கும் தகுதிகளைக் காணுங்கள். வயது இருபத்தொன்று நிரம்பவேண்டும். காவல்துறையின் விசாரணை உண்டு. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி பயிற்சிச் சான்றும் பாதுகாப்பாக வைக்க இடமும் வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. கொண்டாட்டத்தில் பிறர்க்கு இடர் வரச் சுடுவதைக் குற்றமாக்கியது. இவற்றுள் பெரும்பாலான வினாக்கள் துப்பாக்கியைப் பற்றியன அல்ல, ஏந்துபவனைப் பற்றியன. அவன் சினத்தை அடக்குவானா? குழந்தை கைக்கு எட்டாமல் வைப்பானா?

1878ஆம் ஆண்டுச் சட்டம் மனிதனின் நிறத்தைப் பார்த்தது. ஆகவே அது இழிவு. இன்றைய சட்டம் மனிதனின் பொறுப்பைப் பார்க்க முயல்கின்றது. அம்முயற்சி எங்கேனும் தவறினால் அதைத் திருத்தும் வாக்கு நம் கையில் இருக்கின்றது. வாஞ்சிநாதன் காலத்து இளைஞனுக்கு அந்த வாக்கு இல்லை. படைக்கலம் ஏந்துவதா என்னும் வினாவுக்கு அவன் காலம் தந்த விடையும் உங்கள் காலம் தரும் விடையும் ஒன்றாக இருத்தல் இயலாது என்பதற்கு இவ்வேற்றுமையே காரணம்.

எனவே, மாணவர்களே, "எந்தக் கைத்துப்பாக்கி நம்பத்தக்கது?" என்று யாரேனும் உங்களை வினவினால், அளவும் எடையும் கூறுமுன், "ஏந்தப்போகும் கை யாருடையது?" என்று திருப்பிக் கேளுங்கள். வரலாறு நமக்குக் கற்பிக்கும் முதற்பாடம் அதுவே.