தண்டலும் தண்டனையும்

2023 ஆம் ஆண்டு ஜூலை 28 ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஒன்று, ஆகஸ்ட் 12 ஆம் திகதி மாத்தளையில் நிறைவெய்தியது. மலையகத் தமிழரின் முன்னோர் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, அவர்கள் நடந்த வழியில் ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தூரத்தை இன்றைய தலைமுறையினர் நடந்து கடந்தனர். அச்செய்திகளைப் படித்தபோது என் சிந்தனை தரைவழியை விட்டு, அதற்கு முந்திய கடல்வழியில் சென்று நின்றது. மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள், முதலில் தோணியில் ஏற்றப்பட்டவர்கள் அல்லவா?

பாதுகாப்பற்ற படகில் மனிதரை ஏற்றிச் சென்ற படகோட்டிக்குச் சிறை என்னும் செய்தி, இன்று உலகின் ஏதாவதொரு நீதிமன்றத்திலிருந்து அடிக்கடி வருகிறது. பத்திரிகைத் தொழிலில் பல ஆண்டுகளைக் கழித்த எனக்கு, அத்தகைய தீர்ப்புகளைப் படிக்குந்தோறும் பாக்குநீரிணைத் தோணிகளே நினைவுக்கு வருகின்றன. அங்கே தோணியை நடத்துபவருக்குத் தண்டல் என்று பெயர். எந்தத் தண்டல் எப்போது தண்டிக்கப்பட்டான் என்று தேடப் புகுந்தால், வரலாறு நமக்குத் தரும் விடை விசித்திரமானது.

கோப்பிப் பயிர்ச்செய்கை மலைநாட்டில் பரவிய காலத்தில் இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருச்சி, மதுரைப் பகுதிகளிலிருந்து மக்கள் தொண்டி, அம்மாப்பட்டினம், தேவிபட்டினம், பாம்பன் ஆகிய கரைகளுக்கு வந்து தோணியேறினர். மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா வழியாகக் காட்டுப் பாதையில் நடந்தனர். அந்த நெடுவழியின் முடிவில் அவர்கள் கண்ட முதல் மலைநாட்டு நகரம் மாத்தளை. தாகமும் மலேரியாவும் வாந்திபேதியும் அம்மையும் பலரை இடைவழியிலேயே பலிகொண்டன. உயிருடன் வந்து சேர்ந்தோர் கைகூப்பி நின்ற தெய்வம் முத்துமாரியம்மன் என்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அம்மை நோயின் கொடுமையைக் கண்டவர்களுக்கு மாரியை விட அண்மையான தெய்வம் வேறேது?

தோணிப் பயணமும் இலேசானதன்று. சிறிய பாய்க்கலங்களில் ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் நெருக்கி ஏற்றப்பட்டனர். 1864 ஆம் ஆண்டில் 120 தொழிலாளரோடு ஆதிலட்சுமி என்னும் கப்பல் மூழ்கியதை மலையக வரலாற்றை எழுதியோர் பலரும் குறிப்பிடுவர். பயணச் செலவுக்கான பணம் தோட்டத்துரை கங்காணியிடம் கொடுத்த முற்பணத்திலிருந்து வந்தது. அது பின்னர் பயணியின் பெயரிலேயே கடனாக எழுதப்பட்டது. தன்னைக் கடலில் அமிழ்த்தக்கூடிய தோணிக்குரிய கூலியையும் அந்த ஏழையே செலுத்த வேண்டியிருந்தது என்பதுதான் இதன் பொருள்.

மாண்டோர் எத்தனை பேர்? 1841 முதல் 1848 வரையான காலத்தில் 70,000 பேர் இறந்தனர் என்று 1849 இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை கணக்கிட்டது. வந்தவர்களுள் நான்கில் ஒரு பங்கினர் மடிந்தனர் என்பது அக்கணக்கு. அப்போது அப்பத்திரிகையை நடத்தியவர் கிறிஸ்ரோபர் எலியட் என்னும் மருத்துவர். இந்த எண்ணிக்கை மிகையானது என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உளர். அதில் பாதியே உண்மையென்று கொண்டாலும் அது பேரழிவு என்பதை எவரும் மறுக்கவியலாது.

அதே காலத்தில் அதே மாத்தளையில் நடந்த இன்னொரு நிகழ்வை இதனருகே வைத்துப் பார்ப்பது தகும். 1848 ஜூலையில் புதிய வரிகளை எதிர்த்துச் சிங்கள விவசாயிகள் மாத்தளையில் கிளர்ந்தெழுந்தனர். இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. புரன் அப்பு ஆகஸ்ட் 8 ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த அடக்குமுறை பிரித்தானியப் பாராளுமன்றம் வரை சென்று விசாரணைக்கு உள்ளாயிற்று. ஆளுநர் ரொறிங்டன் 1850 இல் பதவியிழந்து திரும்பினார். அந்த விசாரணை நியாயமானதே. ஆனால் அதே மாத்தளைக்கு வரும் வழியில் ஆயிரக்கணக்கில் விழுந்து மடிந்தவர்களுக்காக ஓர் ஆளுநரும் பதவியிழக்கவில்லை. குற்றவாளியென்று எவரும் காணப்படாமையால், அது குற்றமாகவே கருதப்படவில்லை.

சட்டம் உறங்கிக் கிடந்தது என்று எண்ணிவிட வேண்டாம். அது விழித்தேயிருந்தது, அதன் பார்வைதான் வேறு திசையில் இருந்தது. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தை விட்டு ஓடிய தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பியது. ஏற்றி வந்தவனைக் கேளாத சட்டம், ஏற்றி வரப்பட்டவனைக் கேட்டது.

இப்போக்கு சுதந்திரத்திற்குப் பின்னும் மாறவில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களுள் பெரும்பாலானோரை நாடற்றோராக்கியது. 1949 நவம்பர் முதலாம் திகதி குடிவரவு, குடியகல்வுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதுவரை வழமையான போக்குவரத்தாக இருந்த பாக்குநீரிணைக் கடப்பு, அனுமதிப் பத்திரம் இல்லாதோருக்குக் குற்றமாயிற்று. 1952 இல் ‘மொன்டி நடவடிக்கை’ என்ற பெயரில் இராணுவம் கரையோரக் காவலில் இறங்கியது. 1963 இல் அது சட்டவிரோதக் குடிவரவுத் தடுப்புப் படையாக வளர்ந்து, 1981 வரை நிலைத்தது.

‘கள்ளத்தோணி’ என்னும் சொல் இக்காலத்தில் பெற்ற பொருளை வாசகர்கள் அறிவர். அச்சொல்லில் கள்ளம் தோணிக்கு உரியது. ஆனால் தோணியையும் அதை ஓட்டியவரையும் விட்டுவிட்டு, பயணியின் நெற்றியில் அது ஒட்டிக்கொண்டது. மூன்று தலைமுறையாகத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்து, கடலையே கண்டிராத பிள்ளைகளும் பள்ளிக்கூடத்திலும் பஸ்ஸிலும் அப்பெயரால் இழிக்கப்பட்டனர். ஒரு குற்றத்தின் பெயர், அக்குற்றத்தால் வருந்தக்கூடியவனின் பெயராகவே ஆகிவிட்டது.

பயணியை விட்டு ஏற்றியவனை நோக்கிச் சட்டம் திரும்பியதற்கு ஓர் எடுத்துக்காட்டு நடுநிலக்கடலில் உண்டு. 1996 டிசம்பர் 25 ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, சிசிலித் தீவின் போர்ட்டோபாலோவுக்கு அப்பால், யோஹான் என்னும் கப்பலிலிருந்து எப் 174 என்னும் சிறு மரக்கலத்திற்கு, கொந்தளிக்கும் கடலில் மக்கள் மாற்றப்பட்டனர். கலம் மூழ்கியது. இலங்கைத் தமிழரும் இந்தியரும் பாகிஸ்தானியருமாகக் குறைந்தது 283 பேர் மாண்டனர். தப்பியோர் சொன்னதை அதிகாரிகள் நீண்ட காலம் நம்பவில்லை. ஒரு மீனவரின் வலையில் சிக்கிய தமிழ் இளைஞன் ஒருவனின் அடையாள அட்டையே சான்றாயிற்று. அதைப் பின்தொடர்ந்த லா ரிபப்ளிக்கா பத்திரிகையாளர் ஜொவான்னி மரியா பெல்லு, 2001 இல் கடலடியில் கிடந்த கலத்தைப் படமெடுத்து வெளியிட்டார். நெடிய வழக்கின் முடிவில், யோஹான் கப்பலின் தலைவனுக்கும் பயணத்தை ஒழுங்கு செய்தவனுக்கும் மேன்முறையீட்டு நீதிமன்றம் 30 ஆண்டுச் சிறை விதித்தது. ஓட்டியவனோடு ஒழுங்கு செய்தவனும் தண்டிக்கப்பட்டான் என்பதே இத்தீர்ப்பின் சிறப்பு.

2000 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட, ஆட்கடத்திச் செல்வதற்கு எதிரான நெறிமுறையும் இதையே கூறுகிறது. கடத்திச் செல்லப்பட்டவர் என்ற காரணத்துக்காகப் பயணியைக் குற்றவாளியாக்கலாகாது. பயணியின் உயிருக்கு ஆபத்து விளைவிப்பது குற்றத்தின் கடுமையைக் கூட்டும். மாத்தளைக் காட்டுவழியில் மாண்டோருக்கு நூற்றைம்பது ஆண்டுகள் பிந்திக் கிடைத்த நியாயம் என்றே இதைக் கொள்ளத் தோன்றுகிறது.

ஆயினும் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 2022 டிசம்பரில் ஆங்கிலக் கால்வாயில் ஒரு காற்றுப்படகு அமிழ்ந்து குறைந்தது நால்வர் இறந்தனர். அதைச் செலுத்திய செனகல் இளைஞனுக்கு 2024 பெப்ரவரியில் ஒன்பதரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவனும் அகதியாக வந்தவனே. இலவசமாக ஏறுவதற்கு ஈடாகவே படகைச் செலுத்தினான். கங்காணியின் நிலையும் இதுபோன்றதே. அவனும் அதே கிராமத்திலிருந்து வந்த ஏழைதான். தலைக்காசுக்காக மக்களைத் திரட்டினான். அவன் கையில் கொடுமை இருந்தது என்பது மெய். ஆனால் கோப்பியின் இலாபம் அவன் கைக்கு வரவில்லை.

2022 நவம்பரில், பொருளாதார நெருக்கடியின் நடுவே, 303 இலங்கையரோடு தத்தளித்த லேடி ஆர் 3 என்னும் படகு வியட்நாமுக்கு அப்பால் காப்பாற்றப்பட்டதை நாம் மறந்திருக்க முடியாது. வறுமையும் அச்சமும் உள்ளவரை மனிதர் படகேறுவர்; ஏற்றுவோரும் இருப்பர். ஓட்டைப் படகில் பிள்ளைகளை ஏற்றியவனை நீதிமன்றம் தண்டிக்கட்டும். அதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் சுக்கானைப் பிடித்திருந்த கையோடு விசாரணை முடிந்துவிடக் கூடாது. பணத்தை வாங்கியவர் யார், படகை வாங்கிக் கொடுத்தவர் யார், கண்ணை மூடிக்கொண்ட அதிகாரி யார் என்று கரைவரை வந்து கேட்க வேண்டும்.

1849 இல் மாத்தளைச் சாலையில் கேட்கப்படாத கேள்விகள் அவையே.