பாடப்புத்தகத்தில் இல்லாத பெயர்கள்



பொந்தியான் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு அன்னாசியும், ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியான தஞ்சோங் பியாயும்தான் நினைவுக்கு வரும். இந்த வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளை ஆளாக்கியது யார் என்று கேட்டால், அதற்குப் பதில் எந்தப் பலகையிலும் இல்லை.

முதலில் ஆயா. விடியுமுன்னே அம்மாவும் அப்பாவும் பெரட்டுக்குப் போயிடுவாங்க. கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில் இருக்கும். தாலாட்டு, விடுகதை, பேய்க்கதை என்று பல பிள்ளைகள் கேட்டு வளர்ந்த தமிழ் அந்தக் கொட்டகையில் கிடைத்ததுதான். அந்த ஆயாக்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அடுத்து வாத்தியார். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923 தொழிலாளர் சட்டம் சொன்னது. ஜொகூர் அந்தக் கூட்டரசில் இல்லை. ஆனாலும் இங்கும் தோட்டப் பள்ளிகள் எழுந்தன. தொடக்க காலத்தில் நாலெழுத்துத் தெரிந்த கிராணியோ கங்காணியோதான் பல தோட்டங்களில் வாத்தியார். பிறகு முழுநேர ஆசிரியர்கள் வந்தார்கள். ஒரே அறையில் பல வகுப்பு. பள்ளி முடிந்தாலும் வேலை முடியாது. ஊருக்குக் கடிதம் எழுதணும்னாலும், 1957-க்குப் பிறகு குடியுரிமைப் பாரம் நிரப்பணும்னாலும் சனங்க வாத்தியார் வீட்டைத்தான் தேடிப் போனாங்க.

மூன்றாவது, அந்தப் பிள்ளைகளில் பலர் நேரில் பார்த்தே இராத ஒருவர்: கோ. சாரங்கபாணி. 1924-இல் தமிழகத்திலிருந்து சிங்கப்பூர் வந்தவர். 1935-இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’, பாலம் தாண்டி ஜொகூருக்கும் வந்தது. 1950-களில் அவர் தொடங்கிய மாணவர் மணிமன்றம், பிள்ளைகளின் எழுத்தையும் பெயரையும் அச்சில் ஏற்றியது. பால்மரம் வெட்டுகிறவர் பிள்ளைக்குத் தன் பெயரைப் பத்திரிகையில் பார்ப்பது சாதாரண விஷயமா? மலாயாவின் பல எழுத்தாளர்கள் அங்கிருந்துதான் கிளம்பினார்கள். நாட்டின் தமிழ் இளைஞர் மணிமன்றங்களுக்கும் அதுவே வேர்.

1974-இல் மறைந்த கோ.சா.வைப் பற்றி நூல்கள் உண்டு. ஆயாவுக்கும் வாத்தியாருக்கும் என்ன உண்டு? 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530-ஐ ஒட்டித்தான் இருக்கின்றன. ஒரு தோட்டப் பள்ளி மூடப்படும்போது அதன் வருகைப் பதிவேடும் பழைய படங்களும் எங்கே போகின்றன என்பதை நாம் அறிவோம். சனங்களும் பட்டணத்துக்குப் பிரிந்து போய்விட்டார்கள். அந்த வாத்தியார்களிடம் படித்தவர்களுக்கே இப்போது எழுபது, எண்பது வயது.

நான்காம் ஆண்டிலிருந்து வரலாறு ஒரு பாடம். அந்த வகுப்பில் ஒரு சிறு வேலை கொடுத்துப் பார்க்கலாம். மாணவர் வீட்டிலுள்ள மூத்தவரிடம் மூன்று கேள்வி கேட்கட்டும்: உங்களை வளர்த்த ஆயா பேர் என்ன? முதல் எழுத்துச் சொல்லிக்கொடுத்தது யார்? அது எந்தத் தோட்டம்? பதிலை அவர்கள் பேச்சிலேயே எழுதட்டும், திருத்த வேண்டாம். ஆண்டு சரியாகத் தெரியாவிட்டால், ‘ஜப்பான்காரன் காலத்துக்குப் பிறகு’ என்று அவர்கள் சொல்வதையே குறிக்கலாம். தோட்டவாரியாக அடுக்கி, ஒரு படியைப் பள்ளி நூலகத்தில் வையுங்கள்.

இந்த ஆண்டுப் பள்ளி விடுமுறைக்கு முன்பே தொடங்குவது நல்லது. பிள்ளைகள் தாத்தா பாட்டி வீட்டுக்குப் போகும் நேரம் அதுதான்.